கலை என்பது பட்டுக்கு மட்டுமா?

காஞ்சியின் கோர்வைச் சேலையைக் கலையெனக் கொண்டாடும் நம் இலக்கியவாணர்கள், புல்லட் சக்கரத்துக்குப் போக்ஸ் கம்பி கோத்துக் கோட்டம் எடுப்பவரை 'வெறும் மெக்கானிக்' என ஒதுக்குகிறார்கள். நாம் மறுக்கிறோம். 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தோன்றுமுன்பே மிதிவண்டிக் கடைகளில் வளர்ந்த அறிவு இது.

சக்கரத்தைச் சுழற்றி, ஃபோர்க்கோடு சாக்கட்டியை அணைத்துப் பிடித்தால் கோட்டமுள்ள இடத்தில் கோடு விழும். ரிம் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால், அங்கே இடப்புறக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்று இறுக்கி, வலப்புறத்ததைத் தளர்த்த வேண்டும். ஒன்றைத் தொட்டால் அண்டைக் கம்பிகளின் இழுவிசையும் மாறும். பாவு நூலின் விறைப்பை விரலால் அறியும் நெசவாளருக்கு இது புதிதன்று. வீட்டிலேயே பழகலாம், பொறுமைதான் வேண்டும்.

எண்ணெய்க் கறை கண்டு முகம் சுளிப்பவர் நெசவாளரின் கையையும் மெய்யாகப் போற்றவில்லை. சேலையின் விலையைத்தான் போற்றுகிறார்.