பக்கத்து இலையில் யார்?

டிசம்பர் பிறந்தால் மதுரையில் பொட்டலங்களுக்குக் குறைவிருக்காது. பெரியாஸ்பத்திரி வாசலில் பிரியாணிப் பொட்டலம். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் கம்பளி. வைகைக் கரை குடிசைகளில் கேக். கொடுக்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம், நடுவில் ஒரு போட்டோ. கிறிஸ்தவ நண்பர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஊழியம்.

கோபித்துக் கொள்ளாதீர்கள். பசித்தவருக்குச் சோறு சோறுதான். அதைக் கொடுக்காதே என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒரே ஒரு கேள்வி. அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்ட அம்மாவை உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து, ஒரே சட்டியில் ஆக்கியதை என்றைக்காவது சாப்பிட்டிருக்கிறீர்களா?

'அதெல்லாம் நடக்கிற காரியமா சார்?' என்று கேட்பீர்கள். நடத்திப் பார்த்திருக்கிறார்கள். இதே மதுரையில்தான்.

1834ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள. பள்ளிக்கூடம் திறந்தார்கள். நம்மாட்கள் படித்தார்கள், ஞானஸ்நானம் வாங்கினார்கள், உபதேசியார்களும் ஆனார்கள். சாமியை மாற்றிக்கொண்டவர்கள் சாதியை மட்டும் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டே வந்தார்கள். கோயிலில் ஒரே பாட்டு, வீட்டில் வேறு வேறு பந்தி.

1847ல் மிஷன் ஒரு முடிவுக்கு வந்தது. 'சாதியை விட்டுவிட்டேன்' என்று வாயால் சொன்னால் போதாது, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் அன்பின் விருந்து. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர் சமைத்ததைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து உண்ண வேண்டும். மாட்டேன் என்றால் சபையில் இடமில்லை.

என்ன ஆயிற்று தெரியுமா? பல பேர் வெளியே போனார்கள். அதில் ஊர் ஊராகப் போய் அன்பைப் போதித்துக்கொண்டிருந்த உபதேசியார்களும் உண்டு. பிரசங்கம் பண்ண முடிந்தவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை!

அந்த வெள்ளைக்காரர்களை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. சம்பளம் கொடுக்கிறவர் வைக்கிற பரீட்சையில் அன்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று யார் கண்டது? தவிர, 1847ல் அவர்கள் நாட்டின் தென்பகுதியில் கறுப்பின மக்களைச் சந்தையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா முழுக்க அடிமை முறை ஒழிந்தது 1865ல்தான். இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நோய் எங்கே இருக்கிறது என்று அவர்கள் சரியாகவே கை வைத்துக் காட்டினார்கள். அது ஜெபப் புத்தகத்தில் இல்லை. அடுப்படியில் இருக்கிறது.

அதற்கும் முன்னால், 1606ல், இதே ஊருக்கு வந்தவர் ராபர்ட் டி நொபிலி. தத்துவ போதகர் என்ற பெயரில் காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். தமிழுக்கு அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் சாதியை வெறும் ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டார். பூணூலும் குடுமியும் இருக்கலாம் என்று 1623ல் போப்பாண்டவரின் அனுமதியும் வந்தது. பின்னாளில் உயர்ந்த சாதிக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டார சாமி என்று குருமாரையே இரண்டாகப் பிரித்தார்கள். ஆக, சாதியோடு சமாதானம், சாதியோடு சண்டை என்ற இரண்டு வழியையும் மதுரை பார்த்துவிட்டது. நாம் எந்த வழியில் நடக்கிறோம்?

திருச்சி மேலப்புதூரில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் எழுப்பிச் செத்தவர்களையும் சாதி பார்த்துப் பிரித்துவைத்த கதை ஊரறிந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். 'சி.எஸ்.ஐ.' என்று முதலில் வரும். 'ஆர்.சி.' என்று வரும். அடுத்த சொல் என்ன? சாதிப் பெயர்!

1950 ஆகஸ்ட் 10ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லாமல் போனது. வருடா வருடம் அந்த நாளைக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள் சபைத் தலைவர்கள். நியாயமான கோரிக்கை, நானும் கூட நிற்கிறேன். ஆனால் அந்தக் கோரிக்கையின் ஆதாரம் என்ன? மதம் மாறிய பிறகும் தீண்டாமை போகவில்லை என்பதுதானே? அதற்குச் சாட்சி தேட வேண்டாம் ஐயா, உங்கள் சபையே சாட்சி. டெல்லிக்கு மனு போகட்டும். கூடவே உங்கள் பந்தியும் கொஞ்சம் மாறட்டும்.

பக்கத்தில் நின்று சிரிக்கும் இந்து நண்பர்களே, உங்களுக்கும் இருக்கிறது. வைத்தியநாதய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்டவர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 1939ல். அந்த அன்பின் விருந்துக்கு 92 வருடம் கழித்து. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் தலித்துகளை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு என்ற பேராசிரியர் இருந்தார். பரட்டை என்றால் பலருக்குத் தெரியும். கிராமத்து மெட்டில், பறை ஒலிக்கப் பாட்டுக் கட்டினவர். 2005ல் காலமானார். அவர் விடாமல் சொன்ன சொல் 'ஒரே உலை'. நம்ம ஊரில் குடும்பம் என்றால் ஒரே உலையில் பொங்கித் தின்பவர்கள். தனி உலை வைத்தால் குடும்பம் பிரிந்தது என்று அர்த்தம். கர்த்தருடைய பந்தியையும் அவர் அப்படித்தான் பார்த்தார். துளி அப்பமும் துளி ரசமும் வாங்கிக்கொண்டு கலைவதற்கா பந்தி? ஒரே உலைக்காரர்களாக ஆவதற்கு.

பைபிள் படிக்கிறவர்களுக்கு இது புதுசில்லை. கிணற்றடியில் இயேசு ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். யூதர் தொடக்கூடாத பாத்திரம் அது. அவர் தண்ணீர் கொடுக்கவில்லை, கேட்டார். கவனித்தீர்களா? கொடுப்பவருக்குக் கை மேலே. கேட்பவருக்குக் கை கீழே. நம் ஊழியத்தில் கை எப்போதும் மேலேதான்.

ஊருக்கு உபதேசம் பண்ணுகிறாயே, உன் வீட்டில் எப்படி என்று கேட்பீர்கள். கேளுங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாவுக்குக் காப்பி கொடுப்போம், இட்லி கொடுப்போம், பண்டிகைக்குச் சேலை கொடுப்போம். அடுப்படி ஜன்னலில் அவருக்கென்று நசுங்கின டம்ளர் ஒன்று இருந்தது. யார் வைத்தது, எப்போது வைத்தது, யாருக்கும் ஞாபகமில்லை. கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை என்று படித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்தக் கொதிப்போடு எழுந்து போய் அடுப்படியில் காப்பி குடித்திருக்கிறேன். என் கண்ணுக்கு அந்த டம்ளர் தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவருக்கு அது தினமும் தெரிந்திருக்கும்.

'பக்கத்து இலைக்குப் பாயசம்' என்று கேலியாகச் சொல்வோம். அந்தக் கேலிக்கும் பக்கத்தில் ஒரு இலை வேண்டுமே! இந்த ஞாயிற்றுக்கிழமை பொட்டலம் கட்ட வேண்டாம். உங்கள் வீட்டைப் பெருக்குகிறவரை, தெருவைச் சுத்தம் செய்கிறவரைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர் உடனே வந்துவிட மாட்டார். அவருக்கு நம்மைப் பற்றி நன்றாகத் தெரியும். அப்படியானால் அவர் வீட்டுக்கு நீங்கள் போங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள்.

குடித்துவிட்டு வந்து, அதன் பிறகு ஊழியம் பற்றிப் பேசலாம்.