தாய்க்கு ஒரு பாய் விரிக்க இடமுண்டா?

புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு தாயைச் சந்தித்தோம். மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஓட்டு வீடு மாடி வீடாகிவிட்டது. மகளின் திருமணமும் முடிந்துவிட்டது. "இன்னும் என்ன குறை, அம்மா?" என்று கேட்டோம்.

"அவன் கட்டுற கட்டடத்த ஒரு தடவ கண்ணால பாக்கணும்யா. எங்க படுக்குறான், என்னத்தச் சாப்புடுறான்னு பாத்துட்டு வந்தாப் போதும். கேட்டா, 'கூட்டிட்டுப் போறேன் ஆத்தா'ங்குறான். எப்பன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குறான்" என்றார்.

எப்படிச் சொல்வான்? அவன் வாயை அடைத்திருப்பது எது?

தூரமா? இல்லை. ஒரு காலத்தில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் 'ரஜூலா' கப்பல் ஏறி, ஏறத்தாழ ஒரு வாரம் அலையில் ஆடி, சிங்கப்பூரில் இறங்கினார்கள் நம் பாட்டன்மார். பின்னர் 'சிதம்பரம்' கப்பல் ஓடிற்று; 1985 இல் அது தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் கடல்வழி ஓய்ந்தது. இன்று திருச்சியில் விமானம் ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் சிங்கப்பூர்! கடல் சுருங்கிவிட்டது, ஆனால் கடலைவிடப் பெரிய சுவர் ஒன்று எழுந்து நிற்கிறது. அதன் பெயர் சம்பளம்.

விதி என்ன சொல்கிறது? அங்கே உயர்நிலை வேலை அட்டை பெற்றவர், மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள மாதம் 6,000 வெள்ளி சம்பளம் வாங்க வேண்டும். பெற்றோரை நீண்ட நாள் வைத்துக்கொள்ள 12,000 வெள்ளி வாங்க வேண்டும். ஒர்க் பெர்மிட்டில் கல்லும் கம்பியும் சுமக்கிறவனுக்கோ, குடும்பத்தை அழைத்து வைத்துக்கொள்ளும் உரிமை அடியோடு இல்லை. பெற்றவளிடம் பாசம் எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தப் பாசத்தைத் தராசில் வைத்து, எதிர்த் தட்டில் சம்பளச் சீட்டை வைத்து நிறுத்துப் பார்க்கிறது சட்டம்!

"சுற்றுலா விசாவில் சில நாள் வரலாமே, யார் தடுத்தார்கள்?" என்று கேட்பார்கள். வரலாம். வந்தால் எங்கே தங்குவது? மகன் இருப்பது தொழிலாளர் விடுதியில். புதிதாகக் கட்டும் விடுதிகளுக்கென்று 2021 இல் வகுக்கப்பட்ட திருத்திய விதியே அறைக்கு 12 பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர். இரண்டு பாய் விரித்தால் நிறைந்துபோகும் இடம்! அடுக்குக் கட்டிலில் படுக்கிறவன் ஆத்தாளை எங்கே படுக்க வைப்பான்? வெளியே ஓட்டலில் தங்க வைத்தால் ஓரிரவு வாடகை பல நாள் கூலியை விழுங்கும். வயதானவர் நோயில் விழுந்தாலோ, வெளிநாட்டவருக்கு அரசு மானியமில்லாத மருத்துவச் செலவு. விடுப்பு எடுத்தால் அன்றைய ஓவர்டைம் போகும். ஆகவே அவன் 'கூட்டிட்டுப் போறேன்' என்கிறான். நாளை மட்டும் சொல்வதில்லை. அவன் பொய்யன் அல்ல, தோழர்களே! தாயின் மனம் நோகக் கூடாதென்று தவிக்கிற மகன்.

"சின்னஞ்சிறு தீவு, இடம் ஏது?" என்பார்கள். இட நெருக்கடி உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நாம் குடியுரிமையா கேட்கிறோம்? ஆண்டுக்கு இரண்டு வாரம், பெற்ற தாயும் தந்தையும் மகனோடு உட்கார்ந்து சோறு உண்ண ஓர் இடம் கேட்கிறோம். வானளாவிய மாளிகைகளை எழுப்பிய கைகளுக்கு இது பெரிய கூலியா?

புலம்பெயர்ந்த தொழிலாளர்களையும் அவர்தம் குடும்பத்தினரையும் காக்க ஐ.நா. பொதுச்சபை 1990 இல் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. 2003 இல் அது நடைமுறைக்கு வந்தது. குடும்பம் சிதறாமல் காப்பது அரசுகளின் கடமை என்கிறது அது. சிங்கப்பூர் அதில் சேரவில்லை. நம் இந்திய அரசும் சேரவில்லை! அடுத்த வீட்டுக்காரனைக் குறை சொல்லுமுன் நம் வீட்டு வாசலையும் பார்க்க வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பவை இவை. தொழிலாளர் விடுதிகளை ஒட்டி, வந்துபோகும் பெற்றோர் தங்கக் குறைந்த வாடகையில் சில அறைகள் வேண்டும். அந்த நாட்களில் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். இந்திய அரசு இதை அந்நாட்டு அரசோடு பேச வேண்டும். ஜனவரி 12 ஆம் நாளை அயலகத் தமிழர் நாளென்று தமிழ்நாடு அரசு 2021 இல் அறிவித்தது; மகிழ்ச்சி. அந்த விழா மேடையில் செல்வர்களின் பெற்றோர் மட்டுமின்றி, கொத்தனாரின் பெற்றோரும் நினைக்கப்பட வேண்டும். பெற்றோரைக் குழுவாக அழைத்துச் செல்லவும், அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கவும் அரசு முன்வரட்டும்.

சிங்கப்பூரில் சொந்த வீடும் நல்ல வேலையும் உள்ள தமிழருக்கும் ஒரு சொல். உங்கள் பெற்றோர் வரும்போது விமான நிலையம் சென்று வரவேற்கிறீர்கள்; தேக்காவுக்கு அழைத்துப் போகிறீர்கள். அந்தத் தேக்காவில் ஞாயிறுதோறும் திறந்த வெளியில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுகிறானே, அவனுக்கும் ஒரு தாய் உண்டு. உங்கள் வீட்டில் ஓர் அறை நாலு நாள் காலியாக இருந்தால், அவளை உங்கள் விருந்தினராக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கிளைத் தோழர்களே! உங்கள் ஊரில் இப்படி எத்தனை வீடுகள் என்று கணக்கெடுங்கள். பாஸ்போர்ட் எடுக்கத் தெரியாத பெற்றோருக்கு உடனிருந்து எடுத்துக் கொடுங்கள். கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி மனு அனுப்புங்கள்.

மகன் எழுப்பிய மாடியைத் தாய் ஒரு முறை அண்ணாந்து பார்க்கட்டும். அந்த நாள் வரும்வரை இந்தக் கோரிக்கையை நாம் விடப்போவதில்லை!