எஸ்ரா ஜென்னிங்ஸை எதற்கு மன்னிக்கணும்?

வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' (1868) படித்தவர்களிடம் எஸ்ரா ஜென்னிங்ஸ் பற்றிக் கேட்டால், "பாவம், கடைசியில அவனுக்கு ஒரு மீட்சி கிடைச்சுதே" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

(முடிவைச் சொல்லப் போகிறேன். படிக்காதவர்கள் படித்துவிட்டு வரவும்.)

மீட்சி தப்பு செய்தவனுக்குத்தானே வேண்டும்? ஜென்னிங்ஸ் என்ன செய்தான்? அவன்மேல் ஒரு பொய்ப்பழி. என்ன பழி என்றுகூட நாவல் சொல்வதில்லை. அது போகிற ஊரெல்லாம் துரத்துகிறது. காலனியில் பிறப்பு, அப்பா ஆங்கிலேயர், கறுத்த நிறம், பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான தலைமுடி... ஊர் சந்தேகப்பட இது போதாதா?

ஆனால் அவன் செய்ததைப் பாருங்கள். டாக்டர் கேண்டி ஜுரத்தில் கிடந்தபோது, மற்ற டாக்டர்களை எதிர்த்து வைத்தியம் பார்த்துக் காப்பாற்றினான். அவருடைய பிதற்றலைக் குறித்து வைத்து, விட்டுப்போன வார்த்தைகளை நிரப்பினான். பிராங்க்ளின் பிளேக்குக்குத் தெரியாமல் 25 துளி லாடனம் கொடுக்கப்பட்ட கதை அப்படித்தான் வெளியே வந்தது. துப்பறியும் புலி சார்ஜென்ட் கஃப் ரேச்சலைச் சந்தேகப்பட்டு வழி தவறிய இடத்தில், வைரத்தைத் தன்னை அறியாமல் எடுத்தவன் பிளேக்தான் என்று நிரூபித்தது இந்த உதவியாளர்!

"அவன் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்தச் சோதனையைச் செய்தான்" என்பவர்களுக்கு: அதில் அவனுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. வக்கீல் பிரஃப் அதை ஏமாற்று வித்தை என்றே நினைத்தார். தோற்றிருந்தால் இன்னொரு பழி சேர்ந்திருக்கும். தன்மேல் விழுந்த பழியைத் துடைக்க வழியில்லை, இன்னொருவன் பழியையாவது துடைப்போம் என்றுதான் இறங்கினான்.

அபின் பழக்கம்? தீராத நோயின் வலிக்காக எடுத்தது. காலின்ஸே வாத வலிக்கு லாடனம் குடித்தவர்தான். அதனால்தானோ என்னவோ, அந்தப் பழக்கத்தை அவர் பாவக்கணக்கில் எழுதவில்லை. அந்த அனுபவம்தான் பிளேக்கைக் காப்பாற்றுகிறது.

சரி, மீட்சி யாருக்கு? பிளேக்குக்கு. பெயரும் திரும்பியது, ரேச்சலும் கிடைத்தாள். ஜென்னிங்ஸுக்கு? பெயர் பொறிக்காத கல்லறை. அவனே கேட்டதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நல்லவனை அப்படிக் கேட்க வைத்தது யார்? கடைசி நாட்களில் பிளேக்கும் ரேச்சலும் காட்டிய அன்பு அவனுக்கு நிம்மதி தந்தது உண்மை. அது மீட்சி இல்லை சாமி, தாமதமாக வந்த மரியாதை.

அவனுக்கு மீட்சி கிடைத்தது என்று சொல்லும்போது, அந்தப் பொய்ப்பழியை நாமும் நம்பிவிட்டோம் என்று அர்த்தம். மன்னிப்பு கேட்க வேண்டியது ஊர்தான்.