காற்று நின்றால் கரண்டும் நிற்க வேண்டுமா?

2012-ஆம் ஆண்டை தமிழ்நாட்டில் யாராலும் அவ்வளவு எளிதில் மறந்துவிட முடியாது. சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. மற்ற மாவட்டங்களுக்கோ பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில ஊர்களில் அதற்கும் மேல்! பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுவர்த்தி தேடினார்கள். கோவையில் பம்பு செட் செய்யும் சின்னப் பட்டறைகள் ஷிஃப்டைக் குறைத்தன. திருப்பூரில் ஆர்டரைக் குறித்த தேதியில் அனுப்ப முடியாமல் பனியன் கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டின. டீசலில் எடுக்கும் ஒரு யூனிட், மின்வாரியம் தரும் யூனிட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை. லாபம் புகையாகப் போனது. இன்வெர்ட்டர் விற்றவர்களுக்கு மட்டும்தான் அந்த வருடம் நிஜமான தீபாவளி.

இதே காலத்தில் திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில், கூடங்குளத்தில், 1000 மெகாவாட் திறன் கொண்ட முதல் அணு உலை ஏறக்குறைய முடிந்த நிலையில் நின்றுகொண்டிருந்தது. ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988-ல். கட்டுமானம் தொடங்கியது 2002-ல். முதல் உலையின் மின்சாரம் கம்பிக்கு வந்தது 2013 அக்டோபரில். இரண்டாவது உலை 2016-ல். கையெழுத்துக்கும் கரண்டுக்கும் இடையில் கால் நூற்றாண்டு! இந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தது யார்? டெல்லியில் கோப்பைப் புரட்டியவர்கள் இல்லை. லேத் பட்டறை வைத்திருந்தவரும், நெல்லுக்குத் தண்ணீர் பாய்ச்ச நடுராத்திரி மோட்டார் போடக் காத்திருந்த விவசாயியும்தான்.

"அணு மின்சாரம் எதற்கு? காற்றாலை இருக்கிறது, சூரிய ஒளி இருக்கிறது, அது போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நாகர்கோவில் போகும் வழியில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள். பெருமைப்பட வேண்டிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் அவை நன்றாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரை. அப்புறம் காற்று குறைகிறது, இறக்கை நிற்கிறது. 2012-ல் மின்வெட்டு உச்சத்துக்குப் போனது எந்த மாதங்களில்? அக்டோபரிலும் நவம்பரிலும். காற்று ஓய்ந்த பிறகு!

சூரிய மின்சாரம் பகலில் கொட்டுகிறது. வீட்டில் விளக்கு, டிவி, மிக்சி, ஏ.சி. என்று எல்லாம் ஒரே சமயத்தில் ஓடுவதோ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். பேட்டரி விலை குறைந்து வருவது உண்மை. பகலின் வெளிச்சத்தை ராத்திரிக்கு எடுத்து வைக்க அது உதவும். ஜூலை மாதக் காற்றை நவம்பர் மாதத்துக்கு எடுத்து வைக்க உதவுமா? மழையா வெயிலா, இரவா பகலா என்று பார்க்காமல் ஒரே சீராக ஓடும் ஒரு அடித்தளம் வேண்டும். அந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருப்பது நிலக்கரி. ஆக, அணு உலை போட்டி போடுவது காற்றாலையோடு இல்லை, நிலக்கரியோடு.

அந்த நிலக்கரியின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 1000 மெகாவாட் நிலையம் முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 2 கோடியே 40 லட்சம் யூனிட். ஒரு யூனிட்டுக்கு சுமார் 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால், ஒரு நாளைக்கு 16,000 டன்னுக்கு மேல். கிட்டத்தட்ட நான்கு சரக்கு ரயில். தினமும்! தமிழ்நாட்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை விட்டால் வேறு கிடையாது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றி, எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவர வேண்டும். சுரங்கத்தில் மழைத் தண்ணீர் நின்றாலோ, ரயில் பெட்டி கிடைக்காவிட்டாலோ இங்கே கையிருப்பு "இன்னும் மூன்று நாளைக்குத்தான்" என்று பேப்பரில் செய்தி வரும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். அந்தச் சாம்பல் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமென்றால் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றைப் போய்ப் பார்க்கலாம். அங்கே இறால் பிடித்தவர்களைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

அதே 1000 மெகாவாட் அணு உலைக்கு ஒரு வருடத்துக்குத் தேவையான எரிபொருள் சுமார் 25 முதல் 30 டன். நாளைக்கு இல்லை, வருடத்துக்கு. சில லாரிகளில் அடங்கிவிடும். இரண்டு மூன்று வருடத்துக்கான எரிபொருளை வாங்கி ஒரே கட்டிடத்தில் வைத்துக்கொள்ளலாம். நிலக்கரியை அப்படி வைக்க முடியுமா?

பொருளாதார நன்மையும் இங்கேதான் இருக்கிறது. அணு மின்சாரத்தின் விலையில் பெரும்பகுதி உலையைக் கட்டும் செலவும் அதற்கு வாங்கிய கடனின் வட்டியும். எரிபொருளின் பங்கு சின்னது. யுரேனியம் விலை இரட்டிப்பானால் கூட யூனிட் விலை கொஞ்சம்தான் ஏறும். எரிவாயு விலை இரட்டிப்பானால் எரிவாயு மின்சாரத்தின் விலையும் கூடவே எகிறும். எங்கோ ஒரு போர் மூண்டால் இங்கே கரண்ட் பில் ஏறும் நிலைமை எந்த நாட்டுக்கும் நல்லதில்லை.

இதை முதலில் புரிந்துகொண்டு செயல்பட்ட நாடு பிரான்ஸ். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது பிரான்ஸ் தன் மின்சாரத்தில் கணிசமான பங்கை எண்ணெய் எரித்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. சொந்த எண்ணெய் இல்லை, நிலக்கரியும் தீர்ந்துகொண்டிருந்தது. 1974 மார்ச்சில் பிரதமர் பியேர் மெஸ்மேர் அணு உலைத் திட்டத்தை அறிவித்தார். "பிரான்சில் பெட்ரோல் இல்லை, ஆனால் யோசனைகள் இருக்கின்றன" என்பது அந்தக் காலத்து விளம்பர வாசகம். அடுத்த 15 வருடங்களில் சுமார் 50 உலைகள்! இன்று அந்த நாட்டின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்து வருகிறது. 2024-ல் வாங்கியது போக பிரான்ஸ் வெளிநாடுகளுக்கு விற்ற மின்சாரம் 89 பில்லியன் யூனிட். அதுவரை இல்லாத சாதனை. எண்ணெய்க்குக் கையேந்திய நாடு மின்சாரம் விற்கும் நாடாகிவிட்டது.

உடனே எதிர்த்தரப்பு 2022-ஐக் காட்டும். அந்த வருடம் குழாய்களில் அரிப்பு கண்டுபிடிக்கப்பட்டு பல உலைகள் ஒரே நேரத்தில் நிறுத்தப்பட்டன. பிரான்ஸ் மின்சாரம் இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. உண்மைதான். எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கக் கூடாது என்பது அதில் உள்ள பாடம். கூடையே வேண்டாம் என்பது பாடம் ஆகாது. இரண்டே வருடத்தில் அதே உலைகள்தான் 2024-ன் சாதனையைச் செய்து காட்டின.

எதிர்ப் பக்கத்துக்கு ஜப்பான் உதாரணம். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அங்கே உலைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. அந்த இடத்தை நிரப்ப திரவ எரிவாயுவையும் எண்ணெயையும் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். ஏற்றுமதிக்கே பெயர்போன ஜப்பானுக்கு 2011-ல் வர்த்தகப் பற்றாக்குறை வந்தது, 1980-க்குப் பிறகு முதல் முறையாக. சுனாமியால் தொழிற்சாலைகள் நின்றதும் ஒரு காரணம், எரிபொருள் இறக்குமதி இன்னொரு பெரிய காரணம். இப்போது ஜப்பான் உலைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்ட ஆரம்பித்திருக்கிறது.

இன்னும் வேடிக்கை, ஐக்கிய அரபு அமீரகம். காலடியில் எண்ணெய் ஊறும் நாடு! அங்கே பராக்கா என்ற இடத்தில் 2012-ல் தொடங்கி, 2024-க்குள் நான்கு கொரிய உலைகள் கட்டி முடித்துவிட்டார்கள். நாட்டின் மின்சாரத்தில் கால்பங்கு அங்கிருந்து வருகிறது. எண்ணெய் வைத்திருப்பவனே அணு உலை கட்டும்போது, எண்ணெய்க்கு அந்நியச் செலாவணியைக் கொட்டிக் கொடுக்கும் இந்தியா யோசிக்க என்ன இருக்கிறது?

சரி, பயத்துக்கு வருவோம். செர்னோபில், 1986. வெடிப்பிலும் அடுத்த சில மாதங்களில் கதிர்வீச்சு நோயிலும் இறந்தவர்கள் சுமார் முப்பது பேர். பின்னால் தைராய்டு புற்றுநோய் வந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில். இதை மறைக்கவோ குறைத்துப் பேசவோ கூடாது. ஆனால் அந்த உலைக்கு விபத்தின்போது கதிர்வீச்சை உள்ளேயே அடைத்து வைக்கும் தடித்த கான்கிரீட் கவசமே கிடையாது. கூடங்குளம் உலைகளுக்கு அந்தக் கவசம் உண்டு. மின்சாரமே இல்லாவிட்டாலும் தானாகக் குளிரும் ஏற்பாடு உண்டு. எரிபொருள் உருகினாலும் பிடித்துக்கொள்ள அடியில் தனித் தொட்டி உண்டு.

சுனாமி வந்தால்? வந்தது! 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல் நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, சில நாட்களில் திரும்பவும் ஓடியது. அன்று கல்பாக்கம் குடியிருப்பில் உயிர்களைக் கொண்டுபோனது கடல். உலையால் ஒரு உயிரும் போகவில்லை.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை உயிர் என்று கணக்குப் போட்ட பரவலாக அறியப்பட்ட ஆய்வுகளில், விபத்துகளையும் காற்று மாசையும் சேர்த்தால், நிலக்கரி அணுவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிக உயிரைக் குடிக்கிறது. ஆனால் புகையில் மூச்சுத் திணறிச் சாகிறவர் செய்தியில் வருவதில்லை. விமான விபத்து தலைப்புச் செய்தி, சாலை விபத்து எட்டாம் பக்கம்... அதே கதைதான்.

கழிவு? ஒரு 1000 மெகாவாட் உலை வருடத்துக்கு வெளியே எடுப்பதும் அதே 25, 30 டன்தான். எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி வைத்திருக்கும் கழிவு அது ஒன்றுதான். பின்லாந்து 400 மீட்டருக்கும் கீழே கடினப் பாறையைக் குடைந்து அதற்கு நிரந்தர இடம் அமைத்திருக்கிறது. இந்தியாவில் பயன்படுத்திய எரிபொருளைச் சுத்திகரித்துத் திரும்ப எடுக்கும் வசதி கல்பாக்கத்திலேயே இருக்கிறது. நிலக்கரியின் கழிவு எங்கே? எல்லோருடைய நுரையீரலிலும்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் உண்மையிலேயே பலமான வாதம் பணமும் காலமும்தான். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்குப் போட்ட மதிப்பீடு 13,171 கோடி ரூபாய், முடிந்தபோது 22,000 கோடிக்கு மேல். கல்பாக்கத்தில் 2004-ல் தொடங்கிய 500 மெகாவாட் வேக ஈனுலை 2010-ல் முடிந்திருக்க வேண்டும். அதில் எரிபொருள் நிரப்பும் வேலையே 2024 மார்ச்சில்தான் ஆரம்பித்தது. பிரான்சிலும் ஃபிளமன்வில் என்ற இடத்தில் 2007-ல் தொடங்கிய உலை 2024 டிசம்பரில்தான் கம்பிக்கு வந்தது. இதற்கு மருந்து என்ன? பிரான்ஸ் எழுபதுகளில் செய்தது. ஒரே மாதிரி உலையை, ஒரே குழுவை வைத்து, இடைவெளி விடாமல் கட்டுவது. பத்து வருடத்துக்கு ஒரு உலை கட்டினால் ஒவ்வொரு முறையும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பராக்கா சொல்லும் பாடமும் இதுதான். இந்தியாவின் சொந்த 700 மெகாவாட் உலைகள் காக்ராபாரிலும் ராஜஸ்தானிலும் ஓடத் தொடங்கிவிட்டன. அந்த ஒரே வடிவத்தை வரிசையாகக் கட்ட வேண்டும். கட்டி முடித்ததை ஓட்டும் திறமையில் குறையில்லை. கர்நாடகத்தில் கைகாவின் முதல் உலை 2018 டிசம்பர் முடிய 962 நாட்கள் நிற்காமல் ஓடி உலக சாதனை படைத்தது!

கடைசியாக ஒரு விஷயம். இது அணு மின்சாரத்தை ஆதரிப்பவர்கள் காதில் விழ வேண்டியது. இடிந்தகரை மக்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. சூடான தண்ணீர் கடலில் கலந்தால் மீன் என்ன ஆகும்? விபத்து நடந்தால் எந்த வழியாக வெளியேறுவது? ஒழுங்கான பதிலைத் தமிழில், அவர்கள் ஊரில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்திருக்கும். அதற்குப் பதில் ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத் துரோக வழக்கு! 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் ஒரு மீனவர் இறந்தார். அணு மின்சாரத்துக்கு இதைவிடப் பெரிய கெடுதலை எந்த எதிர்ப்பாளரும் செய்ததில்லை. நாட்டுக்காக ஒரு ஊர் தன் கடற்கரையைக் கொடுக்கிறதென்றால் அந்த ஊருக்குத் தடையில்லாத மின்சாரம், நல்ல ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கு நிலையத்திலேயே நிரந்தர வேலை ஆகியவை சலுகையாக இல்லாமல் பங்காகப் போக வேண்டும். கதிர்வீச்சு அளவை ஊர் நடுவில் பலகை வைத்து தினமும் எழுதிப் போட வேண்டும். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்றால் காட்டுவதில் என்ன தயக்கம்?

இந்தியாவின் மின்சாரத்தில் அணுவின் பங்கு வெறும் 3 சதவீத அளவுதான். 2047-க்குள் 100 கிகாவாட் என்று 2025 பட்ஜெட்டில் இலக்கு அறிவித்தாகிவிட்டது. அறிவிப்புக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கூடங்குளத்தின் மூன்றாவது, நான்காவது உலைகளின் கட்டுமானம் 2017-ல் தொடங்கியது. அடுத்த தடவை "உலை எப்போது வரும்?" என்று கேட்கும்போது கூடவே இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: அதுவரை எத்தனை ரயில் நிலக்கரி, எத்தனை லிட்டர் டீசல், எத்தனை பட்டறைகள்?