பார்க்கும் ஊரும் வாழும் ஊரும்



மணமாகி நான்கைந்து ஆண்டுகளான இளந்தம்பதியர் பலர் அண்மைக்காலமாக ஒரே கேள்வியை நம்மிடம் கேட்கின்றனர். "சென்னையில் வாடகை கட்டி மாளவில்லை, குழந்தை ஓடியாட ஒரு முற்றமில்லை, அழகான சிற்றூர் ஒன்றில் நிலையாகக் குடியேறலாமென்று எண்ணுகிறோம், எந்த ஊர் நல்லது?" 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர், வீட்டிலிருந்தவாறே கணினி வழி அலுவல் பார்க்கும் வாய்ப்புச் சிலருக்குக் கிட்டியிருக்கிறது. ஆதலால் முன்பு வெறுங்கனவாயிருந்த இவ்விருப்பம் இன்று நிறைவேறக் கூடியதாகிவிட்டது. ஆனால் பத்தாண்டுச் சேமிப்பை ஒரு மனையில் முடக்கிவிட்டு, ஊர் ஒத்துவரவில்லை என்று மூட்டை கட்டித் திரும்புவது எளிய காரியமா?

இவர்கள் கூறும் ஊர்களின் வரிசையில் தரங்கம்பாடி தவறாமல் இடம்பெறுகிறது. காரணம் நமக்கு விளங்காமலில்லை. பழைய நகரவாயிலைக் கடந்து கோட்டையை நோக்கி நடக்கையில் இருபுறமும் வெண்ணிறக் கட்டடங்கள், எதிரே கடல். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம்பெற்று 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டை அது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்ததும் இவ்வூரிலேயே. விடுமுறையில் இரண்டு நாள் தங்கி, மாலைக் காற்று வாங்கி வந்தவர்கள், "இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது" என்று சொல்வதில் வியப்பில்லை.

எனினும் அவ்வூரின் அமைதி எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். பின்னர் வாணிகம் மெல்ல மெல்ல நாகப்பட்டினத்தை நோக்கிப் பெயர்ந்தது. மயிலாடுதுறையிலிருந்து இங்கு வந்துகொண்டிருந்த இரயிலும் 1986-இல் நின்றுபோயிற்று. நாம் சுவைத்து மகிழும் அமைதி, பிழைப்பு வெளியேறியதனால் நேர்ந்த அமைதியே. கல்லூரிக்கும், சிறப்பு மருத்துவருக்கும், கொஞ்சம் பெரிய கடைக்கும் மயிலாடுதுறைக்கோ காரைக்காலுக்கோ பேருந்து ஏற வேண்டியிருக்கிறது.

கடலைப் பற்றியும் சொல்லாமலிருத்தல் தகாது. கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோவிலின் ஒரு பகுதியைக் கடல் முன்னமே கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலையில், அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தரங்கம்பாடியும் அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2020-இல்தான் மயிலாடுதுறை தனி மாவட்டமாயிற்று. கடலோடு பிறந்து கடலில் பிழைக்கும் மீனவக் குடும்பங்களுக்கு அவ்வூர் தாய்மடி. கரையின் குணமும் காற்றின் குறியும் அவர்களுக்குத் தெரியும். ஆபத்தென்றால் தோள் கொடுக்க அண்டை அயலார் உண்டு. கணினியை நம்பிக் குடியேறுகிற புதுக்குடும்பத்துக்கு இவற்றுள் எது உண்டு? புயலில் மூன்று நாள் மின்சாரமில்லை என்றால் அவர்கள் அலுவலும் நின்றுவிடும். கரையையொட்டி மனை தேடுவோர், 1991 முதல் நடப்பிலுள்ள கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் அவ்விடத்தில் கட்டடத்துக்கு இடந்தருமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

மலையூர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். ஏற்காட்டில் நல்ல பள்ளிகள் உள. மான்ட்போர்ட் பள்ளி 1917-லேயே தொடங்கப்பெற்றது. ஆயினும் இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் முற்றினால், மூடுபனியில் கொண்டையூசி வளைவுகளில் சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கலாம். மூட்டுவலியுள்ள மாமியாருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்பதும் ஒரு கேள்வி. கொடைக்கானலுக்கோ, வாகனப் பெருக்கம் தாங்காமல், 2024 மே மாதம் முதல் இ-பாஸ் பெற்றே வெளியூரார் செல்ல வேண்டுமென உயர் நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது.

நம்மைக் கேட்டால், தென்காசியைப் போன்ற ஊரைச் சொல்வோம். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று சூன் முதல் சாரலைக் கொண்டுவருகிறது. குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான்; எனினும் பருவக்கூட்டம் பெரிதும் அருவிக்கரையிலேயே தங்கிவிடுகிறது. தென்காசிக்கெனத் தனி வாழ்வு உண்டு: சந்தை, நீதிமன்றம், அரசு மருத்துவமனை, 2019 முதல் மாவட்டத் தலைமையிடம் என்ற தகுதி. இரவு இரயிலேறினால் காலையில் சென்னை. புனலூருக்குச் செல்லும் பாதையும் அகலப்பாதையாகி 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாவூர்சத்திரத்துச் சந்தையால் காய்கறிக்கும் குறைவில்லை. பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலி வரை போகவேண்டும் என்பது ஒரு குறை. வயல்களை மனைகளாக்கி விற்பது மற்றொரு குறை. மழையில் நீர் எங்கே தேங்கும் என்று தரகர் சொல்லமாட்டார்.

இவையனைத்தையும் விட நம்மை உறுத்துவது வேறொன்று. ஊரைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறவர் பெரும்பாலும் கணவரே. மாதத்தில் பத்து நாள் அவர் அலுவலுக்காகச் சென்னையில் இருப்பாராயின், அவ்வூரில் உண்மையாகக் குடியிருக்கப் போகிறவர் மனைவியன்றோ? அவர் தம் ஆசிரியப் பணியை விட்டு வருகிறார். தாய்வீடும் தோழியரும் தொலைவிலாகின்றனர். கைக்குழந்தையும் முதிய பெற்றோரும் அவர் பொறுப்பில். "உனக்கு இவ்வூர் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால், "உங்களுக்குப் பிடித்தால் சரி" என்பார். அதைச் சம்மதமென்று கொள்ளலாகாது. அவருக்கு அவ்வூரில் வேலை கிடைக்குமா, துணையின்றி வெளியே போய்வர முடியுமா, மனம்விட்டுப் பேச நான்கு பேர் கிடைப்பார்களா என்பதை மனை விலைக்கு முன்னே விசாரித்தல் வேண்டும். இதில் மனைவியின் சொல்லே முடிவாக இருத்தல் நியாயம் என்பது நம் கருத்து.

ஆகவே முதலில் ஓராண்டு வாடகைக்குக் குடியிருங்கள். ஐப்பசி கார்த்திகை மழையையும் சித்திரை வெயிலையும் அவ்வூரிலேயே கழியுங்கள். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் பெண்களிடம், குடிநீர் எத்தனை நாளைக்கொரு முறை வருகிறது, இரவில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கும், எந்தப் பள்ளியில் ஆசிரியர் நிலைத்திருக்கிறார் என்று கேளுங்கள், ஒளிவுமறைவின்றிச் சொல்வார்கள்.

மனை வாங்கும் நாள் வரும்போது பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவில் புதிய மனைகளைப் பதிவு செய்ய 2016 முதல் தடையிருப்பதையும் மறவாதீர்கள். பத்திரத்தை மனைவியின் பெயரில் எழுதலாமா என்றும் எண்ணிப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல், பத்து இலட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைத்திருக்கிறார்கள்.