நடக்கச் சொல்வோர் நடக்க வழி விட்டனரா?

நாள்தோறும் நடவுங்கள், உடலை அசையுங்கள் என்று ஆட்சியாளர் கொழும்பு மக்களுக்கு உபதேசிக்கின்றனர். உபதேசத்தில் பிழையில்லை. இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை மாரடைப்பு, நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் விளைவன. வாரத்துக்கு 150 நிமிடமேனும் உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. ஆனால் உபதேசிக்கும் இவர்கள் எழுப்பி வரும் நகரம் எத்தகையது? நடப்பவனுக்கு அதில் இடமுண்டா?

1953ஆம் ஆண்டில் ஜெரி மொறிஸ் என்னும் மருத்துவ அறிஞர் லண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ் ஊழியரைப் பற்றிய ஆராய்ச்சி முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஏறியிறங்கிய நடத்துனரிடையே இருதய நோய் குறைவாக இருந்தது. வந்தபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது. அந்நடத்துனர் எவருடைய உபதேசத்தைக் கேட்டுப் படியேறினர்? வண்டியில் படி இருந்தது, ஏறினர், அவ்வளவே!

கொம்பனித்தெருவின் குறுந்தெருக்களும் அத்தகையனவே. கடைக்கும் பள்ளிக்கும், கோவிலுக்கும் பள்ளிவாசலுக்கும், புகையிரத நிலையத்துக்கும் அங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் நடந்தே சென்றனர். 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே மியூ வீதி வீடுகள் படையினர் சூழ நிற்க இடித்துத் தள்ளப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகார சபையைப் பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவந்த ஆண்டும் அதுவே. நகரத்தை அமைக்கும் பணிக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவோ, அவர்களுக்கே வெளிச்சம்!

அதன் பின்னர் கொழும்பின் தோட்டங்களில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கிடைத்தது, பன்னிரண்டு மாடிகளுக்குக் குறையாத கட்டடங்களில் ஏறத்தாழ 400 சதுர அடி வீடு. மின்தூக்கி பழுதானால் மூதாட்டி மேல்மாடியில் சிறைப்படுகிறாள். தெருவில் ஓடியாடிய பிள்ளைக்கு இருண்ட நடைக்கூடமே விளையாட்டிடம். வாசலில் இடியப்பம் விற்றுப் பிழைத்தவள் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்?

தோட்டங்களில் குறையே இருந்ததில்லை என்று நாம் வாதாடவில்லை. பொதுக்குழாயும் பொதுக்கழிப்பறையும் எவருக்கும் பெருமையல்ல. ஆயின் நோய்க்கு மருந்து கழுத்தை வெட்டுவதா? 1921இல் கொழும்புக்கு நகரத் திட்ட அறிக்கை வழங்கிய பற்றிக் கெடிஸ், அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் தஞ்சாவூர் முதலான நகரங்களை ஆராய்ந்தபோதே இதற்கு விடை கூறிவிட்டார். குடியிருப்பு முழுவதையும் தரைமட்டமாக்க வேண்டாம். மிகச் சீர்கெட்ட சில வீடுகளை மட்டும் அகற்றிக் காற்றும் ஒளியும் புக வழிசெய்து, எஞ்சியவற்றைத் திருத்துங்கள் என்பதே அவர் கூறிய முறை. அந்த அந்நியருக்குத் தெரிந்தது நம்மை ஆள்வோருக்குத் தெரியவில்லையே!

மறுபுறம் பாருங்கள். அதே அமைச்சின் ஆட்சியிலேதான் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி அழகிய நடைபாதைகள் எழுந்தன. நன்று! ஆனால் அங்கு மாலையில் நடப்போர் பலர் காரில் வந்திறங்கி, நடந்து, மீண்டும் காரேறிச் செல்வோர். மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிழைப்புக்காக நடப்பவனோ, நடைபாதையை மறித்து நிற்கும் வாகனங்களை விலக்கிப் பஸ்ஸுக்கு முன்னே இறங்கி நடக்கிறான். 1859இல் காலிமுகத் திடலின் உலாவிடத்தை முடித்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லில் பொறித்து வைத்தார். வெள்ளைக்காரன் மனத்தில் எந்தப் பெண்கள் இருந்தனரோ, நாமறியோம். இன்று அத்திடலில் கொம்பனித்தெருப் பிள்ளையும் பட்டம் விடுகிறது.

நாம் கேட்பது பெரிதொன்றுமன்று. இடம்பெயர்க்கப்படும் குடும்பங்களுக்கு முன்பிருந்த தெருவின் அருகிலேயே நாலு மாடிக்கு மேற்படாத வீடுகள் கட்டுங்கள். நியூயோர்க் மாநகரம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுவதுபோல, படிக்கட்டை மூலையில் ஒளிக்காமல் வாசலருகே வெளிச்சத்தில் வையுங்கள். நடைபாதையை நடப்பவனுக்கே விடுங்கள். இவை இயலாவெனின், அடுத்த மாடித் தொகுதியைத் திறந்துவைக்க வரும் அமைச்சர் மின்தூக்கியை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டாம் மாடிக்குப் படியால் ஏறட்டும். ஒரு குடம் தண்ணீரையும் சுமந்துகொண்டு.