பொறுமை இழந்தது யார்?

சர்வர் லாகில் டிஸ்க் டைம்அவுட் என்று ஒரு வரி விழுந்ததும் அந்த டிஸ்கைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது நம் துறையில் கைப்பழக்கமாகிவிட்டது. மாற்றியபின் தொல்லை நின்றால் டிஸ்க்தான் கெட்டது என்று எழுதி டிக்கெட்டை மூடுகிறோம். நிற்காவிட்டால் கன்ட்ரோலரின் மேல் பழியைப் போடுகிறோம். இரண்டு வழியிலும் காரணத்தை யாரும் தேடவில்லை. அந்த வரியை நிதானமாகப் படித்தால் ஒன்று விளங்கும்: அதைச் சொல்வது டிஸ்கும் இல்லை, கன்ட்ரோலரும் இல்லை. கர்னல் தன் நிலையைத்தான் சொல்லிக்கொள்கிறது. கட்டளை அனுப்பினேன், எனக்கு விதித்த நொடிகள் வரை காத்திருந்தேன், பதில் வரவில்லை. அதன் முழுப் பொருள் இவ்வளவுதான். டிஸ்க் கெட்டதா, கேபிள் தளர்ந்ததா, இன்டரப்ட் தொலைந்ததா, டிஸ்க் இன்னும் வேலையில்தான் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் இல்லை. ஆகவே டைம்அவுட்டை ஆராய்கிறவர் முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பாதையில் யார் யார் எத்தனை நொடி காத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது. உதிரியில் கை வைப்பது அதற்குப் பிறகு.

கணக்கெடுக்கத் தேவையான சான்றுகளில் பாதி அதே லாகில், அந்த வரிக்கு முன்னும் பின்னும் கிடக்கின்றன. லினக்ஸின் சாட்டா அடுக்கு மீடியா எரர் என்று எழுதினால் டிஸ்க் பதில் தந்திருக்கிறது, இந்த செக்டரைப் படிக்க முடியவில்லை என்று அதுவே ஒப்புக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெறும் டைம்அவுட் என்றிருந்தால் அப்படி எந்த ஒப்புதலும் இல்லை. ஸ்மார்ட் அட்டவணையில் 199ஆம் எண்ணுக்குரிய சிஆர்சி பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே போனால் டிஸ்குக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே தரவு சிதைகிறது. பார்க்க வேண்டியது கேபிளையும் பேக்பிளேனையும். 197ஆம் எண்ணுக்குரிய, முடிவு தெரியாத செக்டர்களின் கணக்கு ஏறினால் சந்தேகம் டிஸ்கின் தட்டுக்கே போகிறது. ஒரே நொடியில் நான்கு டிஸ்குகள் வாய் மூடினால் நான்கும் ஒன்றாகக் கெட்டன என்று நினைப்பதைவிட, நான்குக்கும் பொதுவான மின்இணைப்பையோ எக்ஸ்பாண்டரையோ கன்ட்ரோலர் ஃபர்ம்வேரையோ சந்தேகிப்பதே முறை. என்விஎம்இ டிரைவர் டைம்அவுட் என்று எழுதிவிட்டு, வேலை முடிந்திருப்பதைத் தானே போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகவும் சேர்த்து எழுதினால், டிஸ்க் தன் வேலையை முடித்துவிட்டது. வந்து சேராதது இன்டரப்ட்தான்.

இந்த எச்சரிக்கைக்குப் புள்ளிவிவர ஆதாரமும் உண்டு. 2008இல் ஃபாஸ்ட் மாநாட்டில் இல்லினாய் பல்கலைக்கழகமும் நெட்ஆப் நிறுவனமும் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 39,000 சேமிப்பு அமைப்புகளில் இருந்த 18 லட்சம் டிஸ்குகளின் பதிவுகளை 44 மாத அளவுக்கு அலசியது. சேமிப்புத் துணைஅமைப்பின் கோளாறுகளில் டிஸ்கின் பங்கு, அமைப்பின் வகையைப் பொறுத்து, 20 முதல் 55 சதவீதம். கேபிள், இணைப்பு போன்ற இடைப்பாதையின் பங்கு 27 முதல் 68 சதவீதம். காரணம் பாராமல் டிஸ்கை மாற்றுகிறவர், ஏறக்குறைய நாணயம் சுண்டித்தான் பார்க்கிறார்.

கணக்கின் மறுபாதி நாம் வைத்திருக்கும், ஆனால் நாம் தேர்ந்தெடுக்காத, எண்களில் இருக்கிறது. லினக்ஸில் ஸ்கசி அடுக்கு ஒரு கட்டளைக்கு இயல்பாகக் காத்திருப்பது 30 நொடி. ஃப்ரீபிஎஸ்டியில் சாட்டா டிஸ்குக்கு 30, ஸ்கசி டிஸ்குக்கு 60. மேசைக் கணினிக்கென்று செய்த டிஸ்க், படிக்க முடியாத செக்டரோடு இரண்டு நிமிடம்கூடப் போராடும். வேறு பிரதி எங்கும் இல்லை என்று கருதிச் செய்யப்பட்டதால் அது அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். ஆனால் அதே டிஸ்கை ரெய்டில் மாட்டினால் கதை மாறுகிறது. டிஸ்க் இன்னும் முயன்றுகொண்டிருக்கும்போதே 30ஆம் நொடியில் கர்னல் பொறுமை இழந்து இணைப்பை ரீசெட் செய்கிறது; டிஸ்க் அதற்கும் பதில் தருவதில்லை; மென்பொருள் ரெய்டு அதைச் செத்ததாகக் கருதி வெளியே தள்ளுகிறது. ரெய்டுக்கென்று வரும் டிஸ்குகளோ பெரும்பாலும் 7 நொடியில் முயற்சியைக் கைவிட்டுப் படிப்புப் பிழை என்று சொல்லிவிடும். அப்போது ரெய்டு மற்ற டிஸ்குகளிலிருந்து அந்தத் தரவைத் திரட்டி, கெட்ட செக்டரின் மேல் திரும்ப எழுதிவிட்டு வேலையைத் தொடரும். ஒரு செக்டரோடு முடிந்திருக்க வேண்டிய இழப்பு, எண்கள் பொருந்தாததால் முழு டிஸ்கின் இழப்பாகிறது. அடுத்து வருவது ரீபில்ட். அது மீதமுள்ள டிஸ்குகளை முழுவதும் படிக்கும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 15.3 லட்சம் டிஸ்குகளை 32 மாதம் கண்காணித்தபோது 3.45 சதவீத டிஸ்குகளில் இப்படி மறைந்து கிடந்த செக்டர் பிழைகள் தெரியவந்தன. அப்படி ஒன்று ரீபில்டின் நடுவே எதிர்ப்பட்டால், அதே பொருந்தாத எண்கள் இரண்டாவது டிஸ்கையும் வெளியே தள்ளிவிடும்.

அப்படியானால் கர்னலின் காத்திருப்பு நேரத்தைக் கூட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். சில இடங்களில் அதுவே சரி. விஎம்வேர் தன் கருவித்தொகுப்பின் வழியாக லினக்ஸ் மெய்நிகர் கணினிகளுக்கு 180 நொடி வைக்கிறது. அமேசான் தன் இபிஎஸ் டிஸ்குகளுக்கு என்விஎம்இ காத்திருப்பை இயன்ற உச்ச அளவுக்கு உயர்த்தப் பரிந்துரைக்கிறது. அங்கே பிழைதிருத்தம் கீழ் அடுக்கில் நடக்கிறது. மேலே இருப்பவர் அவசரப்பட்டுப் பயனில்லை. பிழை நேரத்தைக் குறைக்கும் வசதி இல்லாத டிஸ்க் ரெய்டில் இருந்தால் அங்கும் 180 நொடி வைப்பது தற்காப்பு. ஆனால் எல்லா இடத்துக்கும் அதையே மருந்தாக்கினால் தொல்லை இடம் மாறுமே தவிரத் தீராது. ஒரு டிஸ்குக்காகப் பிழைதிருத்தம் தொடங்கியதும் ஸ்கசி அடுக்கு அந்தக் கன்ட்ரோலர் முழுவதற்கும் புதிய கட்டளைகளை நிறுத்திவைக்க நேரலாம். நலமாக இருக்கும் டிஸ்குகளும் முடங்கியதுபோல் தோன்றும். 120 நொடி தாண்டினால் கர்னலே முடங்கிய பிராசஸ்களைப் பற்றி முறையிடத் தொடங்கும். அதற்குள் மேலே உள்ள கிளஸ்டர் மென்பொருள் சர்வரையே ஒதுக்கிவிடக்கூடும். பிரதி எந்த அடுக்கில் இருக்கிறதோ அதற்குக் கீழே உள்ளவர் சீக்கிரம் கைவிட வேண்டும். பிரதி இல்லாத இடத்தில் நீண்ட நேரம் முயல வேண்டும். எண்ணைத் தீர்மானிப்பது இந்த விதிதான்.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது: நள்ளிரவில் சேவை நின்றுகிடக்கும்போது ஆராய்ச்சிக்கு நேரம் ஏது, டிஸ்க் மலிவு, மாற்றிவிட்டுப் பார்க்கலாமே? மீடியா எரரும் ஏறும் செக்டர் கணக்கும் கண்ணுக்குத் தெரிந்தால் உடனே மாற்றுவதில் எங்களுக்கும் மறுப்பில்லை. அவை இல்லாதபோது டிஸ்க் மலிவாக இருக்கலாம், ரீபில்ட் மலிவில்லை. குற்றம் பேக்பிளேனில் இருந்தால், அந்தப் பழுதான பாதையின் மேலேயே மணிக்கணக்கில் முழுச் சுமையை ஏற்றுகிறோம். கர்னல் லாகையும், எல்லா டிஸ்குகளின் விரிவான ஸ்மார்ட் அறிக்கையையும், கன்ட்ரோலரின் பிழைக் கணக்குகளையும் எடுத்துவைக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள். அதற்கு முன் ரீபூட் செய்தால் நினைவகத்தில் இருக்கும் லாக் போய்விடும். லாக் எழுதப்படுவதே பாதிக்கப்பட்ட டிஸ்கில் என்றால் முக்கியமான வரிகள் அங்கே ஏறியிருக்காது. லாகை நெட்வொர்க் வழியாக வேறு சர்வருக்கு அனுப்பும் ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஸ்மார்ட் சோதனையில் தேறிவிட்டதே, டிஸ்கில் குறையில்லை என்று முடிவு கட்டுவதும் இதேபோன்ற அவசரம்தான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைப் பார்த்த கூகுளின் 2007 ஆய்வில், செயலிழந்த டிஸ்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் கணக்குகள் எதிலும் முன்னறிகுறி காட்டவில்லை. கெட்டும் போகாமல் ஒழுங்காகவும் இயங்காமல் இருக்கும் டிஸ்குகளும் உண்டு. 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்குகள் தடங்களை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகை என்று வெளிப்படையாகச் சொன்னது. இவ்வகை டிஸ்க், தொடர்ந்து சிதறலாக எழுதும்போது உள்ளே இடம் ஒழுங்குபடுத்த நெடுநேரம் நின்றுவிடும். அங்கே பழுதடைந்த பாகம் எதுவுமில்லை. வேலைக்கும் டிஸ்குக்கும்தான் பொருத்தமில்லை.

ஆகவே ஒவ்வொரு சர்வரின் ஆவணத்திலும் மூன்று எண்கள் இடம்பெற வேண்டும் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: டிஸ்க் எத்தனை நொடியில் கைவிடும், கர்னல் எத்தனை நொடி காத்திருக்கும், மேலே உள்ள ரெய்டு, டேட்டாபேஸ் அல்லது கிளஸ்டர் எத்தனை நொடி பொறுக்கும். அவை ஏறுவரிசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் என்பதற்குப் பக்கத்திலேயே காரணம் எழுதப்பட வேண்டும். டிஸ்கின் பிழை நேர அமைப்பு மின்சாரம் நின்றுவந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால் ஒவ்வொரு பூட்டிலும் அதைத் திரும்ப வைக்க வேண்டும். டிக்கெட்டிலும் ஒரு மாற்றம் தேவை. சான்று இல்லாதபோது டிஸ்க் பழுது என்று எழுதாமல், டைம்அவுட், காரணம் தெரியவில்லை என்று எழுதுவோம். மேலாளருக்கு அது அரைகுறையாகத் தோன்றலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து அதே ஸ்லாட்டில் புதிய டிஸ்கும் மௌனமானால், அப்போது பணியில் இருப்பவர் பேக்பிளேனிலிருந்து தொடங்குவதற்கு அந்தக் குறிப்பு ஒன்றுதான் வழிகாட்டும்.